லொறி டிரைவர் இறங்கிய இடம்

பொய் சொல்வதற்காக நான் கடல் தாண்டியது இதுதான் முதல் தடவை. உள்ளூரில் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அதற்கெல்லாம் தெருமுனை வரை போனால் போதுமாயிருந்தது. இந்தப் பொய்யைச் சொல்ல இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளையையும் தாண்டி, மடுல்சீமை வரை போக வேண்டியிருந்தது.

சொல்லச் சொன்னவன் யோகராஜ். மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்து பொறியியல் படித்தான். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். விண்கலங்கள் வேற்றுலகங்களில் இறங்குவதையும் விழுந்து நொறுங்குவதையும் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறேன். அதையெல்லாம் முதலில் படித்தவன் அவன்தான். படித்துக் கெட்டுப்போய், நிலவுக்குக் கலம் அனுப்புகிற ஒரு கம்பெனியில் சேர்ந்து அமெரிக்காவுக்குப் போய்விட்டான்.

போன வருஷம் அவன் அப்பா ஆறுமுகம் இறந்துபோனார். தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். மகன் பறந்து வந்து கொள்ளி வைத்தான். பதுளை ஆற்றில் சாம்பலைக் கரைக்கப் போன இடத்தில், யாரும் பார்க்காத நேரம் பார்த்து, ஒரு சிட்டிகைச் சாம்பலை எடுத்துத் தைல டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டானாம். அவன் கம்பெனியின் கலத்தில் இறந்தவர்களின் சாம்பலையும் ஏற்றிக்கொண்டு போய் நிலவில் இறக்குகிறார்கள். வேலை செய்கிறவன் என்பதால் அவனுக்கும் விரல் நுனி அளவில் ஒரு குப்பிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் அப்பாவை ஏற்றிவிட்டான்.

இதை அவன் போனில்தான் சொன்னான். ஈயம், இரும்பு, கருவி, காமிரா எல்லாம் ஏற்றுவார்கள், தெரியும். அப்பாவை ஏற்றுவான் என்று யார் கண்டது?

கலம் கிளம்பிய பிறகுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். சந்தோஷப்படுவார் என்று நினைத்தானாம். அம்மா போனை வைத்துவிட்டார். அதன் பிறகு மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் கூத்துப் போதாதென்று, கலம் நிலவுக்கே போய்ச் சேரவில்லை. எரிபொருள் கசிந்து, வழி தவறி, பூமிப் பக்கமே திரும்பி, மேலே காற்றில் உரசி எரிந்து பொடிப்பொடியாகிவிட்டது. அதை அவன் வீட்டில் சொல்லவேயில்லை.

“பத்திரமா எறங்கிட்டாருன்னு நீங்க போய்ச் சொல்லிருங்க மேடம். நீங்க சொன்னா நம்புவாங்க. கேக்காம எடுத்துட்டுப் போனேன். எடுத்துட்டுப் போனத எரிச்சும் தொலைச்சிட்டேன். ரெண்டையும் நான் எந்த வாயால சொல்றது?”

அழுதான். நான் சரியென்று சொல்லித் தொலைத்தேன்.

*

கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயில். மலையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் வடையைப் பற்றி எழுதுகிறேன். கூடைக்காரர் “வடை, வடை” என்று வந்தார். பாதி வண்டியும் கை நீட்டியது, நானும் நீட்டினேன். கடலைப்பருப்பு வடைதான், ஆனால் அதன் மேல் மீசையும் காலுமாக ஒரு முழு இறால் படுத்திருந்தது. நான் சைவம். வீல் என்று கத்தியதில் வடை எதிர்சீட்டுக்காரர் மடியில் போய் விழுந்தது.

பக்கத்தில் இருந்த சிங்கள அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். பெட்டியே சிரித்தது. எதிர்சீட்டுக்காரர் பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர், அவருடைய முன்னோர் எங்கள் திருநெல்வேலிப் பக்கமாம். மடியைத் துடைத்துக்கொண்டே அவர் மொழிபெயர்த்தார்: “இறாலுக்குப் பயப்படுகிறவள் கடலைத் தாண்டி எப்படி வந்தாள் என்று கேட்கிறார்.” நியாயமான கேள்விதான்.

எங்கே போகிறேன் என்று துணிக்கடைக்காரர் விசாரித்தார். மடுல்சீமை என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

“மடுல்சீமைக்கா? அங்க ஒரு டிரைவரு நிலாவுக்குப் போயிருக்காருங்களே, தெரியுமா?”

ஒரு வீட்டில், ஒரு பெண்மணியிடம், காதோடு காதாகச் சொல்லிவிட்டு வரலாம் என்றல்லவா நினைத்திருந்தேன். ரயிலில் இறால் வடை தின்கிறவர் வரைக்கும் தெரிந்திருக்கிறதே!

தெமோதரையில் ஒரு வேடிக்கை. மலை அவ்வளவு செங்குத்து, ரயில் நேராக இறங்க முடியாது. ஸ்டேஷனைத் தாண்டி ஒரு முழு வட்டம் அடித்து, அதே ஸ்டேஷனுக்கு அடியில் குகைக்குள் நுழைந்து போகிறது. நிலவில் இறங்கும் கலமும் இப்படித்தான், எடுத்த எடுப்பில் இறங்காது. சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தாழ்ந்து, கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான் உயிர் போய் உயிர் வரும். எங்கள் நாட்டுக் கலம் ஒன்று அந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்தில் போய் மோதிய அன்று, கல்லூரியில் மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் புள்ளி நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு முன்னால் அழுதேன். விழுவது என்றால் எனக்குத் தோல்வி, அவ்வளவுதான்.

பதுளை ஸ்டேஷனில் என்னைக் கூட்டிப் போக ஒரு பையன் ஆட்டோவோடு நின்றான். பெயர் சுதாகர், தெமோதரைக்காரன். யோகராஜுக்கு என்ன உறவு என்று கேட்டதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தான். யோகராஜின் தங்கை மாலினியைக் கட்டிக்கொள்ளப் போகிறவனாம்.

“கட்டிக்கப் போறவன்தான் டீச்சர். கட்டுவேனான்னுதான் தெரியல.”

என்னை ஒரு சைவ ஓட்டலுக்குக் கூட்டிப் போனான். நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே ரோல்ஸ், பற்றிஸ், பணிஸ் என்று மாவுப் பலகாரங்களாக ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எவ்வளவு உபசாரம் என்று உருகிப்போய், வைத்ததை மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று மூச்சு முட்டத் தின்றேன். தின்றதற்கு மட்டும் காசு எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த மேசைக்குக் கொண்டுபோவார்கள் என்று சுதாகர் சொன்னபோது தட்டு காலி.

சுதாகர் சாப்பிடவில்லை. பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். மாமா இறந்து வருஷம் திரும்பினதும் ஆண்டுத் திவசம் கொடுத்துவிட்டுக் கல்யாணம் வைப்பதாகப் பேச்சு. வருஷம் திரும்பியும் மாதங்கள் ஆகிவிட்டன. அத்தை திவசம் கொடுக்க மாட்டேன் என்கிறார். முழுசாகக் கரைக்காத ஆளுக்கு எப்படி வருஷம் கொடுப்பது என்று கேட்கிறார். திவசம் இல்லாமல் அந்த வீட்டில் நல்ல காரியம் இல்லை. தை பிறந்தால் வேறு பெண் பார்ப்பதாக இவன் அம்மா சொல்லிவிட்டார்.

“அண்ணன் எடுத்துட்டுப் போன அந்தத் துளியூண்டு சாம்பலு. அதுதான் எங்க கல்யாணத்த நிறுத்தி வச்சிருக்கு. மாமா எறங்கிட்டாரா டீச்சர், இல்லியா?”

அம்மாவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று மழுப்பினேன். யோகராஜ் என்னிடம் கல்யாணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவனுக்கே தெரியாது என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா அவனோடு பேசுவதில்லை, தங்கை அவனிடம் சொல்லவில்லை.

*

மறுநாள் பசறை வழியாக மடுல்சீமைக்கு. எங்கள் ஊரில் பள்ளம் விழுந்த ரோடு என்றால் ரோட்டில் பள்ளம் இருக்கும். இங்கே ரோட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளம், அதன் அடி கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் மழை பாதி ரோட்டைத் தின்றிருந்தது. சுதாகர் ஆட்டோவை மலைப் பக்கமாக ஒடித்தான். ஆட்டோ ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு யோசித்தது. பிறகு என்னையும் சேர்த்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

வலி ஒன்றுமில்லை, அதிர்ச்சிதான். வானம் பக்கவாட்டில் தெரிந்தது. “இருங்க டீச்சர், அசையாதீங்க” என்றான் சுதாகர், ஏதோ பல் பிடுங்குகிறவன் மாதிரி. பின்னால் வந்த பஸ் நின்றது. கண்டக்டரும் நாலைந்து பேரும் இறங்கி வந்து, என்னை வெளியே எடுக்காமலே ஆட்டோவைத் தூக்கி நிமிர்த்திவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போய் ஏறினார்கள். சரிவில் இறங்கிக் கவிழ்ந்த கலங்களைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கவிழ்ந்தால் அதோடு சரி, அங்கே நிமிர்த்த ஆளில்லை. ஆட்டோவுக்குள் கிடந்த அந்த நேரத்தில்தான் அது எவ்வளவு தனியான சாவு என்று எனக்கு உறைத்தது.

தோட்டத்தில் லயங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மலையில் அடுக்கியிருக்கின்றன. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றும் ஓரிரு காம்பரா என்கிற அறை. யோகராஜின் வீடு தொங்கலில், அதாவது கடைசி. நான் போய் இறங்கியபோது லயமே வாசலில் நின்றது. எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். பரீட்சை முடிவு வருகிற நாளில் என் மாணவர்கள் அப்படிப் பார்ப்பார்கள்.

யோகராஜின் அம்மா தனலெட்சுமிக்கு என் வயதுதான் இருக்கும். இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறவர். ஒடிசலான உடம்பு, கணீரென்ற குரல். அடுத்த வீட்டிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலியில் என்னை உட்காரவைத்து, முதலில் சாப்பிடச் சொன்னார். சுடச்சுட ரொட்டி, மேலே இடித்த தேங்காய்ச் சம்பல். காரம் உச்சிக்கு ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாவம், டீச்சரம்மா நமக்காக அழுகிறார் என்று வாசலில் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

சாப்பிட்ட கையோடு என் பையிலிருந்த படங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பொய்க்குத் துணையாக இருக்கட்டும் என்று, வேறு எப்போதோ ஒழுங்காக இறங்கிய வேறு ஒரு கலத்தின் படங்களைக் கொண்டுவந்திருந்தேன். அவற்றை வெளியே எடுப்பதற்குள் தனலெட்சுமி கேட்டார்:

“அங்க தண்ணி இருக்கா டீச்சரம்மா?”

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. நிலவின் துருவத்தில் வெயிலே படாத பள்ளங்கள் இருப்பதையும் அங்கே பனிக்கட்டி உறைந்து கிடப்பதையும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

“அந்தப் பனி எப்ப உருகும்?”

“உருகாதுக்கா. அங்க வெயிலே வராது.”

வெளிச்சம் போய்விட்டது. உருகாத தண்ணீரில் என்ன கரையும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னை விடவில்லை. மாதா மாதம் அமாவாசைக்குப் படைப்பவர் அவர். அமாவாசை என்றால் நிலாவே இல்லாத நாள். மனுஷன் நிலாவிலேயே இருந்தால் அன்றைக்கு எங்கே இருப்பார்? காக்காய்க்குச் சோறு வைத்தால் அது அவ்வளவு தூரம் கொண்டுபோகுமா? என் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்கான கேள்விகளை எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

“ஒரு சிட்டிகைதானேக்கா” என்றேன், ஈனசுரத்தில்.

“ஆத்துல முங்குறவன் தலைய மட்டும் வெளிய வச்சிக்கிட்டா முங்கினதாகுமா? அப்பிடித்தான் நிக்கிறாரு அவரு. உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல.”

மகன் ஏன் அப்படிச் செய்தான் என்று எனக்குத் தெரியும், சொன்னேன். சின்ன வயதில் அவனை மடியில் வைத்துக்கொண்டு, அங்கே ஒரு ரோடு போட்டால் நான் லொறியை ஓட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அப்பா நிலாவைக் காட்டிச் சொல்வாராம். அதைத்தான் அவருடைய ஆசை என்று அவன் மனதில் வைத்திருந்தான்.

“அது சம்பள நாள்ல சொன்னதுங்க” என்றார் தனலெட்சுமி. “சம்பள நாள்ல குடிச்சிட்டு வந்து இன்னும் என்னென்னமோ சொல்லியிருக்காரு. அதையெல்லாம் செய்யிறதுன்னா இந்தத் தோட்டத்தையே வெலைக்கு வாங்கணும்.”

வாசலில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மாலினி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். தோட்டத்து முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள். எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. நான் சொல்ல வந்த பொய் இந்த அம்மாளைத் தேற்றாது. பத்திரமாக இறங்கிவிட்டார் என்று சொன்ன அந்த நிமிஷமே, தண்ணீரில்லாத ஊரில் மனுஷன் நிரந்தரமாக மாட்டிக்கொள்வார். திவசம் கிடையாது, இந்தப் பெண்ணுக்குக் கல்யாணமும் கிடையாது. அடப்பாவி யோகராஜ், தங்கை தலையில் கல்லைப் போட என்னை அனுப்பியிருக்கிறாயே!

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். தனலெட்சுமி தலையாட்டினார்.

“அப்ப நாளைக்குக் காலையில பெரட்டுல வச்சுச் சொல்லுங்க. அவரு செத்துட்டாருன்னு பெரட்டுலதான் சொன்னாங்க, அத்தன பேரும் கூடைய வச்சிட்டு வந்தாங்க. என்ன ஆனாருங்கிறதையும் அங்கயே சொல்லிருங்க.”

பெரட்டு என்பது காலையில் வேலைக்கு முன்னால் எல்லோரும் கூடி ஆள் பார்த்து, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிற இடம். காதோடு காதாகச் சொல்ல வந்தவளுக்கு இப்போது மைக் இல்லாத மேடை.

போன் பேச வேண்டுமென்றால் லயத்துக்கு மேலே ஒரு பாறை வரை ஏற வேண்டும், அங்கேதான் சிக்னல். சாயங்காலம் மூச்சிரைக்க ஏறிப் போய் யோகராஜைப் பிடித்தேன். தங்கையின் கல்யாணம் நிற்கிறது என்றதும், தன்னிடம் யாருமே சொல்லவில்லையே என்றான்.

“ஏலே, நீ சொல்லச் சொன்னதச் சொன்னா ஒன் தங்கச்சி வாழ்க்க போச்சு. நான் உண்மையச் சொல்லப் போறேன்.”

“வேணாம் மேடம். அப்பா எரிஞ்சு சிதறிப் போயிட்டாருன்னு கேட்டா அம்மா தாங்க மாட்டாங்க. ஏற்கெனவே அவர ஒருவாட்டி எரிச்சத நேருல பாத்தவங்க. அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்?”

அவன் பயமும் நியாயம்தான். அன்று படுத்தேன், தூங்கவில்லை. கூரைத் தகரத்தில் மழை. பொய் சொன்னால் மகள், உண்மை சொன்னால் தாய். என்ன ஜென்மமோ, இந்த வேலைக்கு வந்தோமே என்று என்னையே திட்டிக்கொண்டு கிடந்தேன்.

*

காலையில் பெரட்டுக் களத்தில் பனி. பெண்கள் இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணி சுற்றி, முதுகில் கூடையோடு நின்றார்கள். கங்காணி, வேலை பிரிப்பவர், எனக்காக ஆள் கணக்கெடுப்பதை நிறுத்திவைத்தார். தனலெட்சுமி முன்வரிசையில், அவரும் கூடையோடுதான். சுதாகர் ஓரமாக ஆட்டோவில் சாய்ந்து நின்றான். அவன் பக்கம் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பையிலிருந்த படங்களை நான் தொடவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கலம் நிலவுக்குப் போகவில்லை. வழியிலேயே பழுதாகிவிட்டது. பூமியைப் பார்த்துத் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் மேலே காற்றில் உரசி எரிந்துபோயிற்று. மிச்சமெல்லாம் தூளாகிக் கடலில் விழுந்துவிட்டது. யோகராஜ் இதைச் சொல்லப் பயந்துகொண்டு அங்கே அழுதுகொண்டிருக்கிறான், அவனை மன்னித்துவிடுங்கள். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தனலெட்சுமி சாய்ந்தால் பிடிக்கலாம் என்று ஓரடி முன்னால் போய் நின்றேன்.

அவர் சாயவில்லை.

“எங்க விழுந்துச்சுன்னு சொன்னீங்க?”

“கடல்லக்கா. பசிபிக்னு ஒரு பெரிய கடல். ரொம்பத் தூரம்.”

“உப்புத் தண்ணிதானே?”

“ஆமாக்கா.”

“ராமேஸ்வரத்துக் கடலோட சேருமா அது?”

எல்லாக் கடலும் ஒன்றோடொன்று சேர்ந்த ஒரே தண்ணீர்தான் என்றேன். எனக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாம்பல் அப்படியே விழுந்திருக்காது, இன்னொரு தடவை எரிந்துதான் விழுந்திருக்கும் என்று உண்மையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

“ஏற்கெனவே எரிஞ்சவருதானேங்க. ரெண்டாந்தடவ நெருப்பு அவர என்னா பண்ணிரும்?”

சொல்லிவிட்டுக் கூடையை இறக்கி வைத்தார். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில் வந்தது சிரிப்பா இருமலா என்று தெரியாமல் நான் பதறினேன். பக்கத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். “கரைஞ்சிட்டாருடி” என்று அவர்களிடம் சொன்னார். “அவரு பாட்டுக்குத் திரும்பி வந்து கரைஞ்சிட்டாரு.”

விண்கலம் ஒன்று இறங்கப் போன இடத்துக்குப் போகாமல், எரிந்து, உடைந்து, கடலில் விழுந்திருக்கிறது. அந்தச் செய்தியைக் கேட்டு ஒரு மலையே மகிழ்ந்துகொண்டிருந்தது. மேல் மலைக்குப் போக நின்றவர்கள் கீழ் மலைக்காரர்களுக்குக் குரல் கொடுத்தார்கள். ஆறுமுகம் அண்ணன் விழுந்துட்டாராம், கடல்ல விழுந்துட்டாராம் என்று மலைக்கு மலை அது போய்க்கொண்டே இருந்தது. ஆறுமுகம் எங்கே போனாலும் லொறியைத் திருப்பிக் கொண்டுவந்து தோட்டத்தில் விட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவார் என்று கங்காணி என்னிடம் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆள் பார்க்க ஆரம்பித்தார். தனலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையை மாட்டினார். கொழுந்து காத்திருக்காது.

போகிற வழியில் சுதாகரிடம் நின்றார்.

“ஒங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லு. வர்ற அமாவாசைக்கு அவருக்கு வருஷம் குடுக்கிறேன். தையில நாள் பாக்கச் சொல்லு.”

சுதாகர் ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்யாமலே கொஞ்ச நேரம் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தான். முன்பள்ளிப் பக்கமிருந்து பிள்ளைகளின் பாட்டு கேட்டது. நடுவில் பாட்டு நின்றது, யாரோ போய் மாலினியிடம் சொல்லியிருக்க வேண்டும்.

*

மத்தியானம் கிளம்பினோம். அந்தத் திருப்பம் வந்ததும் நான் இறங்கி நடந்துவிட்டேன், எனக்கு ஒரு தடவை கவிழ்ந்தது போதும். பசறையில் தேநீர் குடிக்க நின்றால், எங்களுக்கு முன்பே செய்தி அங்கே இருந்தது. காலை பஸ்ஸில் வந்திருக்கிறது. டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்டார்: “நல்லபடியா விழுந்துருச்சாமே?”

நல்லபடியாக இறங்கியது என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். நல்லபடியாக விழுந்தது என்று ஒருவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். ஆமாம், நல்லபடியாக விழுந்தது என்றேன். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பதுளை ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோது யோகராஜ் கூப்பிட்டான். அம்மா பாறைக்கு ஏறிப் போய் அவனோடு பேசியிருக்கிறார், அத்தனை மாதங்களுக்குப் பிறகு.

“நாங்க இதத் தோல்வின்னு ரிப்போட் எழுதி முடிச்சிட்டோம் மேடம். என் பார்ட்டுல கோளாறு இல்லேன்னு நிரூபிக்க நான் எவ்வளவு பாடுபட்டேன். இப்ப அது என் பார்ட்டாவே இருந்திருக்கக்கூடாதான்னு தோணுது.”

“அம்மா என்ன சொன்னாங்கல?”

“நெறைய ஏசினாங்க. கேட்டிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்ல, அதனாலதானே நீ கேக்காம எடுத்துட்டுப் போனேன்னு கேட்டாங்க. கல்யாணத்துக்கு வான்னாங்க.” மூக்கை உறிஞ்சினான். “அடுத்த கலம் எப்பன்னு கேட்டாங்க. வர்ற வருஷம்னேன்.”

“அதுக்கு?”

“‘யாரோட அப்பாவையும் ஏத்தாதீங்கடா. சும்மா போகட்டும். அப்ப அது பத்திரமா எறங்கணும்னு நானும் சாமி கும்பிட்டுக்கிறேன்’னாங்க.”